ஊராகவே நிற்கும் கோயில்

தென்மாவட்டங்களின் கிறிஸ்தவ ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். எந்தக் குருவானவர் எந்த ஆண்டு வந்தார், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று மதமாற்றத்தின் வரலாற்றை எழுதுவது ஒரு வழி. கோபுரங்களையும் தேர்களையும் திருவிழாக்களையும் வருணிப்பது மற்றொன்று. ஆண்டு முழுவதும் ஒரு பங்கு எப்படி நடக்கிறது, மணியை யார் அடிக்கிறார், வரியை யார் நிர்ணயிக்கிறார், சப்பரத்தை யார் தோளில் சுமக்கலாம், இறந்தவரை எந்த மூலையில் அடக்கம் செய்வது என்பவையெல்லாம் ஒரே கேள்வியின் பகுதிகளாக அபூர்வமாகவே பார்க்கப்படுகின்றன. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஒரு கத்தோலிக்கப் பங்கு, ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை உண்மையில் யாருடையது என்பதே அந்தக் கேள்வி. சட்டப்படி அது ஆயருக்கோ திருமண்டலத்துக்கோ கட்டுப்பட்டது. ஊர்க்காரர்களைக் கேட்டால், எங்க தாத்தா கல் சுமந்து கட்டின கோயில் என்பார்கள்.

இரண்டு பதில்களுமே உண்மை. இந்தப் பகுதியில் விசுவாசிகள் சேர்ந்து ஒரு சபையை உருவாக்கியதைவிட, ஊர் ஊராக மக்கள் சபைக்குள் வந்ததே அதிகம். ஊருக்குள் ஏற்கெனவே இருந்த ஒற்றுமை, கடன்பாடு, பகிர்வு எல்லாம் அவர்களோடு உள்ளே வந்தன. ஊரின் ஏற்றத்தாழ்வும் அதே வாசல் வழியாகத்தான் வந்தது. பங்கு வாழ்வின் மிகச் சிறந்த பகுதியும் மிக மோசமான பகுதியும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஒன்றை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிட்டால் படம் பொய்யாகிவிடும்.

கடற்கரையிலிருந்து தொடங்கலாம். 1530களின் நடுவில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். முத்துச்சலாபத்தின் உரிமைக்காக நடந்த மோதல்களில் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிய கூட்டு முடிவு அது. சாதித் தலைவரும் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகளும் முடிவெடுத்தார்கள், ஊர்கள் பின்தொடர்ந்தன. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது அந்த மக்களுக்குக் கிறிஸ்தவப் பெயர் இருந்ததே தவிர செபங்கள் தெரியாது. அவர் தமிழறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். 1544இல் திருவிதாங்கூர்க் கரையின் முக்குவ ஊர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதுகிறார்.

சவேரியாரைப் பற்றிய நூல்களில் அந்த எண்ணிக்கைதான் பெரிதாகப் பேசப்படுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் ஊரைவிட்டுப் போகும்போது செய்த ஏற்பாடு. ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை அமர்த்தினார். செபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசரத் திருமுழுக்குக் கொடுப்பதும், கோயிலைப் பார்த்துக்கொள்வதும் அந்த மனிதரின் பொறுப்பு. குருவானவர் எப்போதாவதுதான் வருவார். வழிபாட்டை ஊரே நடத்திக்கொள்ள வேண்டும். பின்னாளின் உபதேசியாரும் கோயில்பிள்ளையும் அந்த ஏற்பாட்டின் வாரிசுகள். அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அறியப்படும் ஹென்றீக் ஹென்றீக்கஸ் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கச் சிறு நூல். தமிழ் அச்சின் தொடக்கம் என்று அதைக் கொண்டாடுகிறோம். அது குரு இல்லாத ஊரில் செபத்தைத் தவறில்லாமல் சொல்லித்தர உதவும் கையேடாகவும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குருக்கள் குறைவாக இருந்த அந்த நூற்றாண்டுகளில் கோயில் ஊரின் கையிலேயே வளர்ந்தது. தூத்துக்குடிப் பனிமய மாதாவின் தங்கத்தேர் இதற்குத் தெளிவான சான்று. 1806இல் முதன்முதலாக ஓடிய அந்தத் தேரைச் செய்வித்தவர் பரதவர் குலத்தின் சாதித் தலைவர். ஆயர் இல்லம் எடுத்த முயற்சியன்று அது. மாதா ஊரின் தலைவி, தேரின் வடத்தைத் தொடும் முதல் உரிமை குலத்தலைவருக்கு என்ற ஒழுங்கில் பக்தியும் அதிகாரமும் ஒன்றாகவே இருந்தன. சூசன் பெய்லி 1989இல் வெளியிட்ட தென்னிந்தியச் சமய ஆய்வு நூலில் இந்த உறவை விரிவாக எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் கோவாவின் போர்த்துகீசியக் குருக்களுக்கும் 1830களின் இறுதியில் திரும்பி வந்த பிரெஞ்சு இயேசு சபையாருக்கும் ஆட்சியுரிமைப் போட்டி நடந்தபோது, ஊர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்தன. எந்தச் சாமியாரை உள்ளே விடுவது என்பதைக் கோயில் சாவியை வைத்திருந்தவர்கள்தான் முடிவு செய்தார்கள். ரோமுக்கும் லிஸ்பனுக்கும் நடந்த வழக்கு கடைசியில் ஒரு கடற்கரைக் கோயிலின் பூட்டில் வந்து நின்றது.

தேரிக்காட்டுப் பக்கம், பனையேறிகளின் ஊர்களில், கதை வேறு மாதிரி. 1799இல் முதலூர் உண்டானது. கிறிஸ்தவர்களானதால் வீடும் தொழிலும் இழந்தவர்களுக்காக உபதேசியார் டேவிட் சுந்தரானந்தத்தின் முயற்சியில் நிலம் வாங்கி அமைத்த குடியிருப்பு. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் இதே வழியைப் பெரிதாக்கி, நிலம் வாங்குவதற்கென்றே ஒரு தர்ம சங்கத்தை நடத்தினார். மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் என்று பெயர் சூட்டிக்கொண்ட ஊர்கள் எழுந்தன. 1841இல் இடையன்குடிக்கு வந்த மிஷனரி கால்டுவெல் தெருக்களைக் கோடு போட்டு அமைத்தார். அவர் தொடங்கிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டையானது. கடற்கரையில் இருந்த ஊருக்குள் கோயில் வந்தது; தேரியில் கோயிலைச் சுற்றி ஊர் வந்தது. இரண்டிலும் முடிவு ஒன்றே: கோயிலும் ஊரும் பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிட்டன.

மிஷனரியின் கையில் எல்லாம் இருப்பதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1857இல் நாசரேத்துக்குப் பக்கத்தில் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் தனிச் சபை ஒன்றைத் தொடங்கினார். ஏக இரட்சகர் சபை என்று அறியப்பட்ட அது வெளிநாட்டார் ஆளுகையை மறுத்து, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கைக்கொண்டு, வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டு முறைகளைத் தன் வழிபாட்டில் எடுத்துக்கொண்டது. திருச்சபை வரலாறுகளில் இவருக்கு ஒரு அடிக்குறிப்புதான் கிடைக்கிறது. அது நியாயமில்லை. இந்தியக் கிறிஸ்தவர்கள் தங்கள் வழிபாட்டைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே, ஒரு பனங்காட்டு ஊரில், அவ்வளவு சீக்கிரம் பிறந்துவிட்டது.

வழிபாட்டுக்கு வருவோம். ஒரு கத்தோலிக்கப் பங்கின் ஆண்டு, பாதுகாவலரின் திருவிழாவைச் சுற்றிச் சுழல்கிறது. கொடியேற்றத்தில் தொடங்கிப் பத்து நாள். ஒவ்வொரு நாள் நவநாளும் அன்பியம் என்னும் ஒவ்வொரு வீட்டுக் குழுவுக்கோ, தெருவுக்கோ, சபைக்கோ, வெளியூரில் வாழும் ஊர்மக்களுக்கோ உரியது. அன்றைய செபமாலை, வாசகம், மன்றாட்டு, காணிக்கைப் பவனி, பாடல், செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒன்பதாம் நாள் இரவில் சப்பரப் பவனி, அல்லது தேர். தெருத்தெருவாகச் சப்பரம் வரும்போது வீட்டு வாசல்களில் உப்பும் மிளகும் மாலையும் மெழுகுதிரியும் வந்து சேரும். இந்து வீட்டார் கொண்டுவரும் காணிக்கை அதில் எப்போதும் இருக்கும். உவரி அந்தோனியாரையோ மணப்பாட்டுத் திருச்சிலுவையையோ தேடி வருகிறவர்களில் யார் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. பத்தாம் நாள் திருவிழாத் திருப்பலி, புதுநன்மை வாங்கும் பிள்ளைகள், மாலையில் கொடியிறக்கம். சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள்.

இதை வெறும் ஆரவாரம் என்று சொல்லும் குருக்களை நான் அறிவேன். செலவு அதிகம், பக்தி குறைவு, வாணவேடிக்கை வீண் என்பது அவர்கள் கருத்து. வாணவேடிக்கையைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. ஆனால் பத்து நாளின் பொறுப்புகளைப் பத்துக் குழுக்கள் எடுத்து நடத்துவது ஒரு பெரிய பயிற்சி. ஆண்டு முழுவதும் ஒருவரோடொருவர் பேசாத இரண்டு தெருக்காரர்கள் அந்தப் பத்து நாளில் ஒரே கணக்கு நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

சி.எஸ்.ஐ. ஊர்களில் அந்த இடத்தை ஸ்தோத்திரப் பண்டிகையும் பிரதிஷ்டைப் பண்டிகையும் நிரப்புகின்றன. நெல், வாழைத்தார், தேங்காய், சேவல், முட்டை என்று படைக்கப்படும் முதற்பலன்கள் ஆராதனைக்குப் பின் ஏலத்துக்கு வரும். ஒரு சேவல் சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே அதை மறுபடி கோயிலுக்குக் கொடுப்பார், அது மறுபடி ஏலம் போகும். பிறகு அசனம். பெரிய வட்டைகளில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஊரின் ஆண்களே சமைக்க, வரி கொடுத்தவர், கொடுக்காதவர், பக்கத்து ஊர்க்காரர் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் போகும். நற்கருணையை ஒரே அப்பத்தின் பகிர்வு என்று மேடையில் போதிப்பதைவிட, அசனத்தின் பந்தி அதை எளிதாகப் புரியவைக்கிறது. அதனாலேயே பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பது இங்கே சாதாரணக் கேள்வியன்று. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வாரத்தின் வழிபாடு இத்தனை வண்ணமில்லாதது. ஆனால் மாற்றங்கள் அதிகம் நடந்தது அங்கேதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் திருவழிபாட்டுச் சட்டத்தை வெளியிடும்வரை திருப்பலி இலத்தீனில் நடந்தது. குரு பீடத்தைப் பார்த்துப் பூசை வைக்க, மக்கள் கீழே தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு வழிபாடுகள். தமிழ்த் திருப்பலி வந்தபின் வாசகமும் மன்றாட்டும் பாடலும் மக்களிடம் வந்தன. பாடகற்குழுவும் ஆர்மோனியமும், பிறகு கீபோர்டும் வந்தன. இன்றும் முதியவர்கள் வாயில் அது ‘பூசை’தான். சீர்திருத்தச் சபைகளில் தமிழ் தொடக்கத்திலிருந்தே இருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் கருநாடக இசையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தன. 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபின், 1950இல் அது தனக்கென ஒரு திருவிருந்து ஆராதனை முறையை உருவாக்கியது. குரு மக்களைப் பார்த்து நிற்பதும், கைகளைத் தொட்டுச் சமாதானத்தை ஒருவருக்கொருவர் கடத்துவதும் அதில் இருந்தன. பின்னதைக் கேரளத்தின் சுரியானி மரபிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மேலைநாட்டுச் சபைகள் பலவற்றின் வழிபாட்டுத் திருத்தத்துக்கு இந்த முறை முன்மாதிரியானது. இடையன்குடியில் ஞாயிறுதோறும் இதைச் செய்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது, தெரிந்தால் பெருமைப்படலாம்.

இனி பணம். பங்கு யாருடையது என்ற கேள்வியின் கூர்முனை இங்கேதான் இருக்கிறது. குமரிக் கடற்கரையில் நெடுங்காலம் மீன்பாட்டில் ஒரு பகுதி கோயிலுக்கு உரியது. அதை வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் விடுவார்கள்; குத்தகை எடுத்தவர் கரையில் நின்று வசூலிப்பார். கோயில் கட்டியதும் பள்ளி கட்டியதும் இந்தப் பணத்தில்தான். அதே சமயம் கடலில் உயிரைப் பணயம் வைத்தவனின் வலையில் முதல் கை கோயிலுடையதாக இருந்தது. அஜந்தா சுப்பிரமணியன் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஏற்பாட்டையும், அதற்கு எதிராக மீனவர்கள் எழுப்பிய உரிமைக் குரலையும் பதிவு செய்கிறது. உள்நாட்டு ஊர்களில் தலைக்கட்டு வரி. திருமணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. வரி பாக்கி வைத்தால் பிள்ளையின் திருமண ஓலை வாசிக்கும்போதோ வீட்டில் சாவு விழும்போதோ கணக்கு நோட்டு திறக்கும். சாவு வீட்டில் பாக்கி கேட்பதை ஊர்க்கட்டுப்பாடு என்று நியாயப்படுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிடியரிசி வேறு வகை. சோறு வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வாரக்கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவரும் அந்தக் காணிக்கையைப் பெண்கள் யாரையும் கேட்காமல், யாருக்கும் பயப்படாமல் கொடுத்தார்கள். 1903இல் பாளையங்கோட்டையில் அசரியா முதலானோர் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், வெளிநாட்டுப் பணமில்லாமல் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்ப முடிந்ததற்கு இத்தகைய சிறுகாணிக்கைப் பழக்கமே நிலம்.

முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே என்பதில் இரண்டு திருச்சபைகளும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் மேய்ப்புப்பணிப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு, முடிவு பங்குத்தந்தையுடையது. நல்ல பங்குத்தந்தை பேரவையை உயிரோடு வைத்திருப்பார். மற்றவர் வந்தால் ஐந்தாண்டு அது கூடாமலே போகலாம். அப்படிப்பட்ட ஊர்களில் ஊர்க் கமிட்டி இணை அதிகாரமாக எழுகிறது. கோயில் சாவிக்கான பழைய சண்டை புது உருவில் திரும்புகிறது. சி.எஸ்.ஐ.யில் சபை மன்றம், சேகரம், பெருமன்றம் என்று அடுக்கடுக்காகத் தேர்தல். சாமானியனின் வாக்குக்கு மதிப்பு இருக்கிறது என்பது பெரிய விஷயம்தான். ஆனால் திருமண்டலத்தின் பள்ளிகள், கல்லூரிகள், பணி நியமனங்கள் எல்லாம் அந்தத் தேர்தலில் தொங்குவதால், அணிகளாகப் பிரிந்து உயர் நீதிமன்றம்வரை போகும் வழக்குகள் பழகிப்போன செய்தியாகிவிட்டன. குருவிடம் குவிந்த அதிகாரமும் வாக்கில் சிதறிய அதிகாரமும் தத்தம் வழியில் ஊரைக் களைப்படையச் செய்கின்றன. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கணக்கைப் பொதுவில் வாசிக்கிற சபை எதுவோ அதைத் தேர்ந்தெடுப்பேன்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இதுவரை வந்ததே நீளம். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்கு இரண்டு நடுக்கூடங்கள். பீடத்தில் வந்து சேரும் இரண்டு கால்கள்போல. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார் முதலானோர்; இடையில் சுவர். ஒரே திருப்பலியை எல்லோரும் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. 1745இல் நீலகண்ட பிள்ளை தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்றதும் இதே வடக்கன்குளத்தில்தான் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியதற்காகவும் வெறுக்கப்பட்டு 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. வேளாளர் வழக்குப் போட்டார்கள். பின்னர் சென்னை உயர் நீதிமன்றம், கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதியின் பேரில் தனியிடம் கேட்கும் உரிமை சட்டத்தில் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இது தீர்ந்த விஷயம்.

ஆனால் தீரவில்லை. 2008 மார்ச் 9இல், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து ஏறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் கோயிலைத் தனிப்பங்காக அறிவிக்கக் கோரிய போராட்டத்தின் தொடர்ச்சியாக மோதல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். தலித்துகளின் சவ ஊர்வலம் பெரிய கோயிலின் முன் தெரு வழியாகப் போவதற்குத் தடை, வழிபாட்டில் ஒதுக்கம், இவைதான் அந்தக் கோரிக்கையின் காரணம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரித்த சுவர் இன்னொரு சாட்சி. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு அதைப் பாவம் என்றது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையோ தலித் கிறிஸ்தவர்களை அட்டவணைச் சாதிப் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறது. கோயிலுக்குள் சாதி இருப்பதாலும் இழப்பு; கோயிலுக்குப் போகிறவருக்குச் சாதி இல்லை என்பதாலும் இழப்பு.

இந்தப் பாவத்தைத் தனிமனிதர்களின் மனக்கோணலாக மட்டும் பார்க்கும் மறையுரைகள் பயனற்றவை. ஊராகச் சேர்ந்ததன் விலை இது. யார் தேர் இழுப்பது, யார் மண்டகப்படி எடுப்பது, யார் கால் கழுவும் சடங்கில் பன்னிருவராக உட்காருவது என்ற ஒவ்வொன்றும் ஊருக்குள் யார் ஊர்க்காரர் என்பதை அறிவிக்கிறது. அதனால் மாற்றமும் அங்கேதான் நடக்க வேண்டும். கல்லறைக்கு ஒரே வரிசை எண், தேர்வடத்துக்குத் தெருக்கட்டுப்பாடில்லாத அனுமதி, பந்தியில் வந்தவர் வந்த வரிசையில் இருக்கை: இவற்றை ஒரு பங்குப் பேரவை ஒரே மாலையில் தீர்மானமாக்கலாம். ஆக்காத ஊர்களில் பங்குத்தந்தையும் ஆயரும் திருவிழாவை நிறுத்திவைக்கத் தயங்கக்கூடாது என்பது என் கருத்து. கொடியேறாத ஒரு ஆண்டு எத்தனையோ மறையுரைகளைவிட உறைக்கும் என்பது கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும்.

இதே ஊர்த்தன்மைதான் ஆபத்தில் கை கொடுத்தது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. கடலுக்குப் போகாத நாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களை ஆழிப்பேரலை அடித்தபோது, அரசின் வண்டி வந்து சேருமுன் பங்குக் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் முகாம்களாகின. யார் வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு பங்குக் குடும்பப் பதிவேட்டில் இருந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் ஆழ்கடலுக்குப் போன தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் திரும்பாதபோதும், காணாமற்போனவர்களின் பட்டியலைப் பங்குகள்தான் வீடு வீடாகத் தொகுத்தன. இந்த ஊர்கள் அரசியல் வரைபடத்தில் தமிழ்நாடு. திருச்சபை வரைபடத்தில் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டம். இரண்டு அரசுகளுக்கு நடுவே அலைந்த குடும்பங்களுக்கு நிலையான ஒரே முகவரி பங்கு அலுவலகமாக இருந்தது. 2011இலிருந்து கூடங்குளம் அணுவுலைக்கு எதிராக இடிந்தகரை மக்கள் நடத்திய போராட்டத்தின் பந்தல் லூர்து மாதா கோயிலின் முன்புதான் நின்றது. கோயில் அரசியலில் இறங்கிவிட்டது என்று அன்று குறை சொன்னவர்கள் உண்டு. ஊர் கூடுவதற்கு அந்த ஊரில் வேறு இடம் இருந்ததில்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோயிலைப் பெருக்குவதும் பூ வைப்பதும் மறைக்கல்வி எடுப்பதும் செபமாலையை முன்னின்று சொல்வதும் பிடியரிசி தருவதும் அவர்கள். தலைக்கட்டுப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. பல ஊர்களில் விதவைக்கு அரை வரி உண்டு, ஊர்க்கூட்டத்தில் அரைக் குரலும் இல்லை. சி.எஸ்.ஐ. பெண்களுக்குக் குருத்துவம் கொடுத்து, 2013இல் புஷ்பா லலிதாவை நந்தியால் பேராயராகவும் ஆக்கிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை 2021இல்தான் வாசகர், பீடத்துணைவர் பணிகளை முறைப்படி அவர்களுக்குத் திறந்தது. இதற்கு நடுவே, அதிகம் சத்தமில்லாமல் அன்பியம் ஊர்களின் அமைப்பையே மாற்றிக்கொண்டிருக்கிறது. இருபது முப்பது வீடுகள், வீட்டுத் திண்ணையில் கூட்டம், வேதவாசகம், அந்தத் தெருவின் நோயாளி, வேலையில்லாதவர், குடிகாரக் கணவன் என்று பேச்சு. நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அங்கிருந்து பேரவைக்குப் பிரதிநிதி போவதால், தலைக்கட்டுக் கணக்கு தராத இடத்தை அன்பியக் கணக்கு தந்திருக்கிறது. ஊர்க் கமிட்டிக்காரர்கள் சிலருக்கு அன்பியத்தின் மேல் வருத்தம் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஊர் கரைந்துகொண்டிருக்கிறது என்பது இந்தக் கேள்வியின் கடைசிப் பகுதி. படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். ஊரில் இருப்பவர்களிலும் சிலர் காலைத் திருப்பலிக்கு வந்துவிட்டு மாலையில் பெந்தெகொஸ்தே செபக்கூட்டத்துக்குப் போகிறார்கள்; நோய்க்கும் கடனுக்கும் பெயர் சொல்லி செபிக்கும் ஒருவரை அவர்கள் தேடுகிறார்கள், பெரிய பங்கில் அது கிடைப்பதில்லை. தாம்பரத்திலோ ஆவடியிலோ உள்ள ஒரு புறநகர்ப் பங்கில் மணப்பாட்டார், வடக்கன்குளத்தார், ஏறையூரார், வேலூர்ப் பக்கத்தார் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். திருச்சபைச் சட்டப்படி பங்கு பொதுவாக நில எல்லையால் வரையறுக்கப்படுகிறது. அந்த எல்லைக்குள் வாழ்கிறவர் அதன் உறுப்பினர். அங்கே தேர்வடத்துக்குப் பரம்பரை உரிமையில்லை, தெருவுக்கென்று மண்டகப்படியில்லை, முன்வரிசை யாருக்கும் சொந்தமில்லை. சாதி முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல முடியாது, திருமணப் பேச்சில் அது உடனே தலைகாட்டும். ஆனால் வழிபாட்டுக்குள் அதற்குப் பிடிமானம் இல்லை. அதே பங்கில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் பக்கத்து பெஞ்சுக்காரருக்குத் தெரிய மூன்று வாரம் ஆகும். பலர் இன்னும் சொந்த ஊருக்கு வரி அனுப்புகிறார்கள், திருவிழா நன்கொடை நோட்டில் பெயர் வர வேண்டும் என்கிறார்கள், தங்களை ஊர்க் கல்லறையில்தான் வைக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்கிறார்கள். பிள்ளைகளின் திருமுழுக்கோ புறநகர்ப் பங்கின் பதிவேட்டில் எழுதப்படுகிறது. புதுநன்மையும் உறுதிப்பூசுதலும் அங்கேதான். அந்தப் பிள்ளைகளுக்கு ஊரின் அசனமும் வேண்டாம், சுவரும் தெரியாது. இந்தப் புறநகர்ப் பங்குகளைப் பற்றிய ஆய்வு இன்னும் வலுவாகத் தொடங்கவில்லை. அடுத்து இதை எடுத்துக்கொள்கிறவர்கள் கடற்கரைக்குப் போவதற்கு முன் தாம்பரத்துக்குப் போய், ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் யார் யாரோடு நின்று பேசுகிறார் என்பதிலிருந்து தொடங்கலாம்.